பத்தடி பின்னால்

ஏழே முக்கால்.
கடைசி பஸ் என்னைப் பாலத்தடியில் இறக்கிவிட்டு
மஸ்கெலியாவுக்கே திரும்பிவிடும்.
மேல் டிவிஷனுக்கு ரெண்டு கட்டை நடை.
பார்மசிச் சாவி வலது கையில்,
விரலிடுக்கில் அதன் பல் வெளியே தெரிய.
இடக்கையில் குடை. அது மழைக்கில்லை.

நீ பத்தடி பின்னால் வந்தாய்.
நான் நின்றால் நின்றாய்.
"யாரு?" என்றதற்கு "வாச்சர்" என்றாய்.
எந்தத் தோட்டத்துக்கு என்று கேட்டேன்.
தண்ணீரைக் காட்டினாய்.

குடிகாரன் என்று நினைத்துக்கொண்டேன்.
அப்படி நினைப்பது எனக்குச் சுலபம்.

மூன்றாம் வாரம்தான் கவனித்தேன்.
ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்த பாதை,
என் கெண்டைக்காலில் ஏழு அட்டை.
சவர்க்காரக் கட்டியால் தேய்த்து உதிர்த்தபடி
உன் காலைப் பார்த்தேன்.
வெறுங்கால். ஒன்றுகூட இல்லை.
அட்டைக்குத் தெரியும்
எதில் ரத்தம் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்று.

நான் ஓடவில்லை.
"செத்தவன்தானே, அப்போ சரி" என்றேன்.
உயிரோடு இருக்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.
நீ சிரித்தாய்,
நனைந்த சாக்கை உதறுகிற மாதிரி.

பேர் மாயழகு.
மவுசாக்கலையில் அணை கட்டி
டவுனை மூழ்கடித்த வருஷம்
பழைய கடைவீதிக்கு நீ ராக்காவல்.
எல்லாரும் தட்டுமுட்டோடு மேலேறிப் போனார்கள்.
"காவல மாத்த ஆளு வரல" என்றாய்,
சம்பளப் பாக்கி சொல்வதுபோல.
தண்ணீர் வற்றிக்
கோயில் படி தலைகாட்டும் மாதங்களில்தான்
உனக்குக் கரை.

என் பேரை நீ கேட்கவில்லை.
கேட்ட ஒருத்தன்
பீலிக்கரைச் சுவரில் அதைக் கரியால் எழுதினான் முன்பு,
பக்கத்தில் இன்னொரு சொல்லும் சேர்த்து.
அதற்குப் பிறகு எனக்கு
எல்லாவற்றுக்கும் ரெண்டு பூட்டு.

சீசன் விளக்குகள்
சிவனொளிபாத உச்சிவரை ஏணியாய் எரிந்த இரவுகளில்
வாய் கொஞ்சம் இளகியது.
பனடோலுக்கும் கடன் சொல்கிற தலைவர்,
ஒழுகுகிற காம்பரா,
கொழும்புக் கடையில் நிற்கிற தம்பி...
முன்னால் பார்த்தபடியே பேசினேன்,
பத்தடிக்குக் கேட்கிற அளவில்.
நீ ஒருநாளும் ஒன்பதாவது அடிக்கு வரவில்லை.
அதுதான் என்னைத் தொந்தரவு செய்யத் தொடங்கியது.

வைகாசி மழை.
மூன்றாம் வளைவில்
மலை மூச்சிழுக்கிற மாதிரி ஒரு சத்தம்,
குடை பறந்தது,
மணிக்கட்டை ஒரு குளிர் பிடித்து இழுத்தது.
நான் நின்ற இடத்தில் இப்போது
கவ்வாத்து வெட்டிய தேயிலை, ஒரு நிரை முழுதாய்,
வேரோடு வந்து நின்றுகொண்டிருந்தது.

கோபத்தில் உன்னை அறைந்தேன்.
கை தண்ணீருக்குள் போய் வந்தது.
"கிட்ட வந்துட்டேன், மன்னிச்சிரு."
கீழே அணையில் தண்ணீர் ஏறுவது
உனக்குக் கேட்டிருக்க வேண்டும்.
எனக்கு மழைதான் கேட்டது.

படி மூழ்க மூன்றே நாள்.

லயமே போய்
மண் சரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
நான் அணையோரம் இறங்கினேன்.
டோர்ச் வெளிச்சம் கொஞ்ச தூரம் போய்ப்
பாலில்லாத தேத்தண்ணியாய்க் கலங்கி நின்றது.
படி இருக்கிற இடத்திலிருந்து
குத்துமதிப்பாய்ப் பத்தடியில் நிற்கிறேன்.
காவலை மாற்ற ஆள் வரவில்லை என்றாயே,
வந்திருக்கிறேன்.
கொஞ்சம் தூங்கு.

ஈரப்புல்லிலிருந்து அட்டைகள் நெளிந்து ஏறுகின்றன,
கால், முழங்கை, கழுத்து.
நீ பிடித்த மணிக்கட்டை மட்டும்
சுற்றிக்கொண்டு போகின்றன.

தயாளினி.
ஒரு தடவைதான் சொல்வேன்.